குதிரைக்குக் கொம்பு முளைத்த காலம்

ஏதோ ஒரு சானலில் பழைய போர்ப்படம் ஓடியிருக்க வேண்டும். இந்த முறை தபாலில் பாதிக்கு மேல் கவசக் குதிரைப்படை பற்றித்தான். காதல் தோல்வி, மாமியார் வழக்கு, வாஸ்து எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. ஏறி உட்காருங்கள், போகலாம்.

கே: ஆளுக்கும் குதிரைக்கும் இரும்பு மாட்டிச் சண்டைக்கு அனுப்பியது ஐரோப்பிய நைட்டுகள்தானே? (கோவை)

ப: ஆயிரம் வருஷத்துக்கு மேல் லேட்டாகச் சொல்கிறீர்கள். ஈரானை ஆண்ட பார்த்தியர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள். கிரேக்கர்கள் அந்தப் படைக்கு வைத்த பெயர் 'கேட்டஃப்ராக்ட்'. அப்போது ரோமாபுரி வீரன் முழங்கால் தெரிய உடுத்திக்கொண்டு, நடந்தே போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

கே: ரோமானியர்களை அவர்கள் நிஜமாகவே ஓட விட்டார்களா? (திருநெல்வேலி)

ப: ஓடவும் விடவில்லை. கி.மு. 53, கார்ஹே. ரோமின் பெரும் பணக்காரர் கிராசஸ் சுமார் 40,000 பேரோடு வந்தார். பார்த்தியத் தளபதி சுரேனாவிடம் சுமார் 10,000 குதிரைகள். அதில் கவசம் பூண்டவை ஆயிரம்தான். கவசத்தின் மேல் தோலும் துணியும் போர்த்தி, சாதுவாக நின்றார்கள். முரசு அதிர்ந்தது. போர்வையை உதறினார்கள். வெயிலில் இரும்பு பளீரென்றது. இன்டர்வெல் பிளாக் என்பதைக் கண்டுபிடித்தவர் சுரேனாதான்.

கே: ஆயிரம் பேர் 40,000 பேரை ஜெயித்தார்களா? காதில் பூ சுற்றாதீர்கள்! (கும்பகோணம்)

ப: மற்ற 9,000 பேர் வில்லோடு சும்மாவா நின்றார்கள்? ரோமானியர் நெருக்கி நின்றால் அம்பு மழை. கலைந்து நின்றால் ஈட்டிப் பாய்ச்சல். அம்பு தீர்ந்துவிடும் என்று காத்திருந்தார்கள். ஒட்டகம் ஒட்டகமாக அம்பு வந்து இறங்கியது. 20,000 பேர் செத்தார்கள், 10,000 பேர் கைதி என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க். கிராசஸிடம் பணம் இருந்தது. சுரேனாவிடம் ஸ்டாக் இருந்தது.

கே: அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாத காலத்தில் ஈட்டியால் குத்தினால் குத்தியவனே விழமாட்டானா? (ஈரோடு)

ப: விழவில்லை. உயரமான சேணமும் உரமான தொடையும் பிடித்துக்கொண்டன. சீனாவில் சாங்ஷா கல்லறையில் கிடைத்த கி.பி. 302-ஆம் ஆண்டுக் களிமண் பொம்மையில் ஒரு பக்கம் மட்டும் அங்கவடி. ஏறுவதற்கு மட்டும் போலிருக்கிறது. 1962-ல் லின் வைட் என்ற அறிஞர் அங்கவடியால்தான் ஐரோப்பாவில் நிலப்பிரபுத்துவமே வந்தது என்று எழுதினார். மற்ற அறிஞர்கள் அவரை இன்றுவரை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கே: பாவம், குதிரைக்குமா கவசம்? (சேலம், ஒரு பிராணி நேசர்)

ப: சிரியாவின் துரா-யூரோபோஸில் மூன்றாம் நூற்றாண்டுக் குதிரைக் கவசம் தோண்டி எடுத்தார்கள். மீன் செதில் மாதிரி உலோகத் தகடுகளை வரிசையாகத் துணியில் தைத்து, நடுவில் சேணத்துக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள். பிற்கால ஐரோப்பாவில் குதிரைக்கு இரும்பு முகமூடி. அதன் நெற்றியில் கூர்முனை. இல்லாத பொருளுக்குக் 'குதிரைக் கொம்பு' என்ற நம் முன்னோர் 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மனிப் பக்கம் போனதில்லை.

கே: உச்சி முதல் பாதம் வரை இரும்பு என்றால் எங்கேதான் அடிப்பது? (வேலூர்)

ப: தொடையில். கி.மு. 69-ல் டிக்ரனோசெர்ட்டாவில் ரோமானியத் தளபதி லுகுல்லஸ் தன் வீரர்களுக்குச் சொன்ன இடம் அதுதான். கி.பி. 312-ல் டூரின் அருகே ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆட்கள் கவசக்காரர்களைக் கதாயுதத்தால் கவனித்தார்கள். வாளுக்கு மசியாத இரும்பு அடிக்கு மசிந்தது. கொல்லன் பட்டறையில் இது பரம ரகசியமல்ல.

கே: கவசத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது 'அவசரம்' வந்தால்? (பெயரும் ஊரும் வேண்டாம்)

ப: சேணத்தில் உட்காரும் இடத்தில் இரும்புத் தகடு கிடையாது. இருந்தால் குதிரை மேல் சறுக்குமரம்தான். ஆக, கொல்லைக் கதவு திறந்தே இருந்தது. மீதி உங்கள் கற்பனைக்கும் குதிரையின் பொறுமைக்கும்.

கே: கணக்கு வாத்தியார் நான். கவசப்படையில் எனக்கு ஏதாவது உண்டா? (நாகர்கோவில்)

ப: உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் நிகிஃபோரஸ் ஃபோகாஸ் காலத்துப் போர்நூல்: முதல் வரிசையில் 20 பேர், ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு பேர் கூட, மொத்தம் 12 வரிசை. கூட்டினால் 504 பேர் கொண்ட ஆப்பு. அதில் 150 பேர் வில்லாளிகள். நாலுகால் பாய்ச்சல் கூடாது, வரிசை கலையாத நிதான ஓட்டம்தான். எதிரிக்கு 'ஆப்பு' வைப்பதை இலக்கணமாகவே எழுதி வைத்தவர். 969-ல் அரண்மனைப் படுக்கையறையில் அவருக்கே ஆப்பு; முன்னின்றவர் சொந்த அக்காள் தங்கை வழி மருமகன். உலகத்து மாமாக்கள் கவனிக்க.

கே: ஒரு நைட்டுக்கு என்ன செலவாகும்? கடன் கிடைக்குமா? (ஓசூர்)

ப: ரைன் நதிக்கரை ஃபிராங்குகளின் பழைய சட்டத்தில் விலைப்பட்டியலே இருக்கிறது. சங்கிலிச் சட்டை ஆறு எருது, தலைக்கவசம் மூன்று, கால்கவசம் மூன்று. மொத்தம் ஒரு டஜன் எருது. வாளும் குதிரையும் தனி பில். நிலம் உள்ளவனுக்குத்தான் கவசம். கவசம் உள்ளவனுக்குத்தான் மேலும் நிலம். வங்கிகள் இன்றும் அதே சட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன.

கே: நைட்டைக் கிரேன் வைத்துத்தான் குதிரையில் ஏற்றுவார்களாமே? (மதுரை)

ப: 1944-ல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த 'ஐந்தாம் ஹென்றி' படத்தில் ஏற்றினார்கள். களத்தில் இல்லை. போர்க் கவசத்தின் எடை சுமார் 20 முதல் 25 கிலோ; அதுவும் உடம்பு முழுக்கப் பகிர்ந்து உட்காரும். இன்றைய சிப்பாய் முதுகில் சுமப்பது அதைவிட அதிகம். பூசிகோ என்ற பிரெஞ்சு மார்ஷல் கவசத்தோடு குட்டிக்கரணமே போட்டதாக அவர் வரலாறு சொல்கிறது. கிரேன் தேவைப்பட்டது கதாசிரியருக்கு.

கே: தினம் கவசம் போட்டால் உடம்பு இளைக்குமா டாக்டர்? (தஞ்சாவூர்)

ப: நான் டாக்டர் இல்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 1540-ஆம் ஆண்டுக் கவசத்தில் இடுப்புச் சுற்றளவு 51 அங்குலம். கவசம் இளைக்க வைக்காது. பெருத்ததை 500 வருஷத்துக்குக் காட்டிக்கொடுக்கும்.

கே: எங்கள் ஊர் நெசவு ஊர். நெசவாளி ஜெயித்த போர் ஏதாவது உண்டா? (கரூர்)

ப: காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். 1302, ஜூலை 11, ஃபிளாண்டர்ஸின் கோர்ட்ரை. எதிரே பிரான்சின் தலைசிறந்த நைட்டுகள். இங்கே நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும். கையில் ஈட்டியும், நுனியில் முள் வைத்த பருத்த தடியும். முன்னால் வாய்க்கால். குதிரைகள் தடுமாறின, தடிகள் தடுமாறவில்லை. நைட்டுகள் குதிகாலில் மாட்டியிருந்த தங்கக் குதிமுட்களைப் பொறுக்கி மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள். 500 ஜோடி என்பார்கள். தறி ஓட்டியவர்கள் நைட்டுகளைத் தறிகெட்டு ஓட விட்டார்கள்.

கே: 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.' இது நடக்கிற காரியமா? (பழநி)

ப: தள்ளியது குதிரை. பறித்தது ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ். 1314, பானக்பர்ன். இங்கிலாந்துக் குதிரைப்படை வரும் வழியில் குழிகளை வெட்டி மூடி வைத்தார். பழமொழியில் வேலையைப் பிரித்துக் கொடுக்க விட்டுப்போயிற்று.

கே: அஜின்கோர்ட்டில் பிரெஞ்சு நைட்டுகளை வீழ்த்தியது இங்கிலாந்தின் வில்தானே? (புதுச்சேரி)

ப: வில்லுக்குக் கூட்டாளி சேறு. 1415, அக்டோபர் 25. உழுத வயல், விடிய விடிய மழை. அம்பு பட்ட குதிரைகள் திரும்பி ஓடி, பின்னால் நடந்து வந்த சொந்தப் படையையே மிதித்தன. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. நிஜக் குதிரையை நம்பிச் சேற்றிலும் இறங்கக் கூடாது. மேலே சொன்ன பூசிகோவும் அங்கே சிக்கினார். 1396-ல் நிகோபோலிஸில் துருக்கியரிடம் ஏற்கெனவே ஒரு முறை பிடிபட்டவர். குட்டிக்கரணம் எல்லா இடத்திலும் செல்லாது.

கே: பனி ஏரி உடைந்து நைட்டுகள் மொத்தமாக மூழ்கினார்களே, என்ன போர் அது? (காரைக்குடி)

ப: 1242, பெய்ப்பஸ் ஏரி. ஜெயித்தவர் ரஷ்ய இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி. மூழ்கடித்தவர் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், 1938-ஆம் வருஷப் படத்தில். தோற்ற ஜெர்மன் நைட்டுகள் தரப்பின் கவிதை வரலாறு 20 நைட்டுகள் இறந்ததாகவும் ஆறு பேர் பிடிபட்டதாகவும் கணக்கு எழுதியிருக்கிறது. மீதிப் பேர் துணை நடிகர்கள்.

கே: கவசப்படையின் அசல் ஆயுதம் எது, ஈட்டியா வாளா? (விழுப்புரம்)

ப: பயம். அரை டன் சதையும் இரும்பும் தரை அதிர வரும்போது எதிரே நிற்பவன் ஓடினால் கதை முடிந்தது; முதுகில் குத்துவது சுலபம். ஓடாமல் ஈட்டியை நீட்டி நின்றால் குதிரை நின்றுவிடும். வேலிமேல் பாயாத அளவுக்கு அதற்கு மூளை உண்டு. ஸ்காட்லாந்துக்காரன், ஃபிளாண்டர்ஸ்காரன், சுவிஸ்காரன் மூவரும் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றேதான்: நில். காசு செலவில்லாத கவசம் அது.

கே: போலந்து வீரர்கள் முதுகில் சிறகு கட்டிக்கொண்டார்களே, பறக்கவா? (திருச்சி)

ப: ஹுஸார்கள் அவர்கள். சிறகு சத்தம் போட்டு மிரட்டவா, அணிவகுப்பில் மினுக்கவா என்று பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஈட்டி பற்றிச் சந்தேகமில்லை: 5 மீட்டர் நீளம், எடை குறைக்க உள்ளே குடைந்தது. 1605-ல் கிர்ஹோல்மில் சுமார் 3,600 போலந்துக்காரர்கள். எதிரே சுமார் 11,000 சுவீடன்காரர்கள், மேட்டின் மேல். ஓடுவதுபோல் பாசாங்கு காட்டி அவர்களைக் கீழே இறக்கினார்கள். பிறகு நிஜமாகவே இறங்கினார்கள். 1683-ல் வியன்னாவைக் காத்த பாய்ச்சலிலும் இவர்களே முன்வரிசை. 1776-ல் படையைக் கலைத்தபோது சிறகு மட்டும் மிச்சம்.

கே: துப்பாக்கி வந்ததும் கவசம் செத்துவிட்டது, சரியா? (தூத்துக்குடி)

ப: அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. கவசத்தைத் தடிப்பாக்கி, கொல்லனே அதைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழிவோடு விற்றான். குழிவுதான் ஐஎஸ்ஐ முத்திரை. 1643-ல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், ரவுண்ட்வே டவுனில், பாராளுமன்றப் படையின் ஆர்தர் ஹாசல்ரிக்கை எதிரி மிக நெருக்கத்தில் சுட்டும் குண்டு ஏறவில்லை; வாளும் ஏறவில்லை. கேள்விப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸ், உள்ளே சாப்பாடும் இருந்தால் முற்றுகையையே தாங்கியிருப்பார் என்று கேலி செய்தார்.

கே: பீரங்கிக்கும் தாங்குமா? (அதே தூத்துக்குடி, விடமாட்டார் போலிருக்கிறது)

ப: பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு மார்புக் கவசம் இருக்கிறது. 1815-ல் வாட்டர்லூவில் ஃபோவோ என்ற குதிரைவீரர் போட்டிருந்தது. வலது மார்பில் தட்டு அளவுக்கு ஓட்டை. முதுகுத் தகட்டில் விளிம்பு கிழிந்து வெளியே பிதுங்கிய இன்னொரு ஓட்டை. வேறு கேள்வி உண்டா?

கே: 1939-ல் போலந்துக் குதிரைவீரர்கள் ஈட்டியோடு டாங்கி மேல் பாய்ந்தது வீரமா, முட்டாள்தனமா? (சிவகாசி)

ப: பிரசாரம். செப்டம்பர் 1 அன்று கிரோயான்டியில் அவர்கள் பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மேல். அதன்பிறகுதான் கவச வண்டிகள் வந்து சுட்டன. செத்த குதிரைகளை நிருபர்களிடம் காட்டி ஜெர்மானியர்கள் கதை கட்டினார்கள். அசல் அசட்டுத்தனம் வேண்டுமானால் 1914-ஐப் பாருங்கள்: பிரெஞ்சுக் குதிரைப்படை இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி மார்புக் கவசத்தோடு கிளம்பியது. மின்னாமல் இருக்கத் துணி உறை போட்டிருந்தார்கள். புத்திசாலிகள்!

கே: நம்மூரில் இந்தக் கூத்தெல்லாம் இல்லையா? (மாணிக்கவாசகர் அடியார், மதுரை)

ப: குதிரையே இறக்குமதி, ஐயா. குதிரை வாங்கத் தந்த பணத்தில் கோயில் கட்டிய கதை உங்களுக்கா சொல்ல வேண்டும்? பாண்டியநாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இறைச்சியும் சோறும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்களாம். குதிரைக்குப் பிரியாணி போட்ட ஒரே நாடு நாமாகத்தான் இருப்போம். விஜயநகரம் கொஞ்சம் தேறியது: கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்ச்சுகீசியர் பயேஸ், வெள்ளியிலும் பொன்முலாமிலும் நெற்றித்தகடு கட்டிய குதிரைகளைக் கண்டு வியந்தார். பாயும் குதிரையும் மேலே வீரனுமாகக் கல்லில் பார்க்க, ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபம்.

கே: கடைசியில் அந்தப் படையெல்லாம் எங்கே போயிற்று? (அரியலூர்)

ப: எங்கும் போகவில்லை. 1916, செப்டம்பர் 15 அன்று பிரான்சின் ஃப்ளேர் கிராமத்தருகே டாங்கி முதன்முதலாகக் களமிறங்கியது. பிறகு குதிரைப்படைகள் ஒவ்வொன்றாக அதில் ஏறிக்கொண்டன. நம் ராணுவத்தில் பூனா ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ், ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் எல்லாம் இன்றும் உண்டு. மூன்றும் டாங்கிப் படைகள். ரிட்டயர்மென்ட் கிடைத்தது குதிரைக்கு மட்டும்தான். இரும்புக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி.