கல்யாண கேசட்டும் கிராபிக்ஸ் கார்டும்: ஓர் உறுப்புத்தேர்வு விசாரணை

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும் என்றும், அப்பாயிரத்தில் நூல் நுதலிய பொருளும் எல்லையும் கேட்போரும் பயனும் பிறவும் விளங்க வேண்டும் என்றும் நன்னூலார் விதித்துவிட்டுப் போயிருக்க, அதை மீறி நேரே விஷயத்துக்குள் குதிக்கும் துணிவு மதுரையில் குடியிருந்துகொண்டு எழுதுகிறவனுக்கு வரலாகாது. ஆதலின் சொல்லிவிடுகிறேன். இங்கே நுதலிய பொருள், நம்மவர் ‘அசெம்பிள் செட்’ என்று வழங்கும் கணினிக்கு உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்து வாங்கிப் பூட்டும் முறை. எல்லை, யானைமலைக்கும் நாகமலைக்கும் இடைப்பட்ட சமவெளி. கேட்போர், பிளஸ் டூ பரீட்சையை எழுதிவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் மகன்மாரும், அவர்களுக்காகச் சேமிப்பைக் கலைக்கவேண்டிய தந்தைமாரும். பயன் என்ன என்பதை இப்போதே சொன்னால் தந்தைமார் மேலே படிக்கமாட்டார்கள்.

இவ்வூரில் நீண்ட காலமாக நான் செய்துவந்த அவதானிப்பின் பயனாய் ஸ்தாபிக்க விரும்பும் சித்தாந்தம் ஒன்றே: மதுரையில் விளையாட்டுக்காகக் கணினி வாங்கிய குடும்பம் ஒன்றுகூட இல்லை, வாங்கிய அத்தனை பேரும் கல்யாண கேசட்டை டிஜிட்டலாக மாற்றுவதற்காகவே வாங்கினார்கள். அந்தக் கணினிகளில் விளையாட்டுக்கு உகந்த கிராபிக்ஸ் கார்டு இருப்பதும், கேபினெட்டுக்குள் வானவில் நிறங்களில் விளக்கு எரிவதும், நள்ளிரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்பதும் தற்செயலாய் நேர்ந்த உபபலன்கள் என்றே குடும்பத்தார் ஏகமனதாய்ச் சாட்சி சொல்கிறார்கள்.

இதற்கு வித்தாகும் வாக்கியம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டின்போது உதிர்வது. “அப்பா, உங்க கல்யாண கேசட்டு பரண்ல கெடந்து பூஞ்சை புடிச்சுப் போயிரும்ப்பா. கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுட்டா என்னைக்கும் அழியாது.” இதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் இதன் பலம். வி.எச்.எஸ். என்னும் அந்த முறை ஜப்பானில் 1976-இல் ஜே.வி.சி. நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டு, நம் நாட்டில் 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கல்யாண வீடுகளுக்குள்ளும் நுழைந்து, தொண்ணூறுகளில் நாதஸ்வரத்துக்கும் பந்திக்கும் சமமான ஸ்தானத்தை வீடியோ லைட்டுக்குப் பெற்றுத்தந்தது. அந்த லைட்டின் கொடிய வெளிச்சத்தில், இலையில் விழுந்த ரசத்தைச் சோற்றோடு அணைகட்டிக்கொண்டே மற்றொரு கையால் முகத்தை மறைத்துக்கொள்ளும் பாட்டி இன்று இல்லை. அவர் அசைந்து பேசும் காட்சி உலகத்தில் அந்த நாடாவில் மட்டுமே இருக்கிறது. இத்தகைய வாதத்தை எந்தத் தந்தையால் மறுக்க முடியும்? ஆகவே அடுத்த ஞாயிறு தந்தையும் மகனும் கடைக்குப் போகிறார்கள்.

மேல வெளி வீதிக்கு அருகே அத்தகைய ஒரு கடையில், பிரமாணமாகக் கொள்ளத்தக்க சம்பாஷணை ஒன்றை நான் கேட்க நேர்ந்தது. கடைக்காரர் மெத்தச் சமர்த்தர். “அண்ணே, எட்டு ஜிபி கார்டா போட்டாத்தாண்ணே படம் வழுக்கிட்டு ஓடும், இல்லேன்னா திக்கித் திக்கி நிக்கும்” என்றார். தந்தை, மேசைமேல் வைத்திருந்த பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதெல்லாஞ் சரி தம்பி, கேசட்ட இதுல எங்கிட்டுச் சொருகுறது?” என்றார். கடைக்காரர் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான். இக்கால கேபினெட்டுகள் பலவற்றில் டி.வி.டி. செருகுவதற்குக்கூட வாய் கிடையாது என்ற உண்மையைத் தந்தைக்கு எடுத்துரைக்க அவ்விருவரில் ஒருவரும் முன்வரவில்லை.

இனி சாஸ்திரத்துக்கு வருவோம். உறுப்புத்தேர்வில் இரண்டு பட்சங்கள் உண்டு. பிராசஸருக்கே பணத்தைக் கொட்டவேண்டும் என்பது ஒரு பட்சம். கார்டுக்கே கொட்டவேண்டும் என்பது மற்றது. முதல் பட்சத்தார், வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் வேலையை மென்பொருள் வழியே செய்தால் அதன் பாரம் முழுவதும் பிராசஸரின் கருக்கள்மேல்தான் இறங்குகிறது என்பார்கள். இது சரி. இரண்டாம் பட்சத்தார், 2012 முதல் என்விடியா கார்டுகளில் இவ்வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று இருக்கிறதே என்று ஆட்சேபிப்பார்கள். இதுவும் சரி, ஆனால் அவர்கள் மென்று விழுங்கும் செய்தி ஒன்றுண்டு. அந்தத் தனிச் சுற்று, விளையாட்டைத் தீட்டும் பகுதியினின்றும் வேறானது. ஒரே தலைமுறைக் கார்டுகளில் விலை குறைந்ததிலும் கூடியதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியான சுற்றே அமைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, இன்டெல் நிறுவனத்தார் 2011-லேயே அதையொத்த ஒன்றைப் பிராசஸருக்குள் வைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, கேசட்டின் பொருட்டுப் பெரிய கார்டு வேண்டும் என்ற கட்சி தர்க்கத்தின்முன் ஒரு கணமும் நிற்காது.

இவ்விரு பட்சத்தாரையும் ஒருங்கே வீழ்த்தும் உண்மை இன்னொன்று இருக்கிறது. கேசட் என்பது காந்தப் பூச்சுடைய நாடா. அது ஓடுகிற வேகத்தில்தான் அதைப் படிக்க இயலும். ஈ-180 என்று முதுகில் அச்சிட்ட கேசட்டில் மூன்று மணி நேரக் கல்யாணம் இருந்தால், அதைக் கணினிக்குள் இறக்க மூன்று மணி நேரமே ஆகும். பிராசஸருக்கு ஆறு கருக்கள் இருந்தாலும் பதினாறு இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்பு ஒரு நிமிஷம்கூட முன்னதாக முடியாது. இறக்கியபின் சுருக்கும் வேலையோ அற்பம். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ என்னும் ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்குக் கண்ணில் படும் கோடுகள் 576, வினாடிக்குப் படங்கள் 25. பத்து வருஷத்துக்கு முந்திய பிராசஸரே இதை ஊதித் தள்ளிவிடும். தந்தையின் திருமணம் வினாடிக்கு 25 படங்களில் குறைவின்றி நிகழ்ந்து முடிந்திருக்க, மகனுடைய துப்பாக்கிச் சண்டைக்கு 144 தேவைப்படுகிறது என்பதில்தான் பட்டியலின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் கேசட்டின் பொருட்டு மெய்யாகவே வேண்டுவன யாவை? கடைக்காரர் தாளில் எழுதிய பட்டியலில் அவற்றுள் பிரதானமானது இடம்பெறவே இல்லை: ஓடும் நிலையிலுள்ள ஒரு வி.சி.ஆர். கடைசிவரை அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டபடியால், இனி அதை உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய சாமான் கடையிலோதான் தேட முடியும். கிடைத்த பின்னும் உள்ளே சுழலும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய தோல்துண்டால் துடைக்கவேண்டும். துண்டை ஹெட்டின்மேல் மெதுவாகச் சார்த்திப் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் சுற்றுவதே முறை, மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும். பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளைக் கணினியோடு இணைக்கும் காப்ச்சர் கருவி. விரலளவுள்ள இதற்கு, கார்டு விலையில் மிகச் சிறிய ஒரு பங்கே ஆகும். பிறகு தாராளமான ஹார்ட்டிஸ்க், ஏனெனில் டி.வி. என்னும் டிஜிட்டல் வீடியோ முறையில் இறக்கினால் மணிக்குச் சுமார் 13 ஜிபி வீதம் மூன்று மணிக் கல்யாணம் ஏறக்குறைய 40 ஜிபியை விழுங்கிவிடும். கடைசியாகப் பொறுமை. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளுமாக இரண்டு பாதிகளாய், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு முன்பின்னாகப் பதிவாகியிருப்பதால், அட்சதை தூவும் கைகள் கணினித் திரையில் விளிம்பெல்லாம் கோடு கோடாய்ப் பிளந்து தெரியும். அவற்றை ஒட்டவைப்பதற்கு மென்பொருளில் ஒரு வடிகட்டி உண்டு, அது இலவசம். இத்தனையிலும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வேலையும் இல்லை.

இதைத் தந்தைமாரிடம் சொல்லிக் குடும்பங்களில் கலகம் விளைவிப்பது என் நோக்கமன்று. கார்டு வாங்குவது என்று தீர்மானமாகிவிட்டபின் மற்ற உறுப்புகளையாவது முறைப்படி தேர்வதற்கே மேல்வரும் விசாரணை.

மதர்போர்டைப் பற்றிச் சொல்லும்போது, தகுதியுள்ள புலவர் எவர் வந்தாலும் நீண்டு இடம் கொடுத்ததாக இவ்வூர்ப் புராணம் கூறும் சங்கப்பலகை நினைவுக்கு வராமல் போகாது. இந்தப் பலகைக்கு அத்தகைய தயாளம் கிடையாது. இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை முதல் பதினான்காம் தலைமுறை வரையுள்ள டெஸ்க்டாப் பிராசஸர்களுக்குப் பலகையில் 1700 முனைகள்; ஏ.எம்.டி. 2022-இல் கொண்டுவந்த ஏ.எம்.5 பலகையில் 1718. பதினெட்டுதானே வித்தியாசம் என்று எவரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் உட்காராது. ராமின் விஷயம் இதைவிட வஞ்சகமானது. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டுக்கும் முனைகள் 288-தான், நீளமும் ஒன்றுதான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றே இடம் மாறியிருக்கும். கண்ணுக்குச் சரியென்று பட்டு, கையில் கடைசி அழுத்தத்தில் தடுக்கும்போதுதான் உண்மை விளங்கும். அங்கே பலாத்காரம் கூடாது.

கற்றறிந்தோர் மிகக் குறைவாகப் பேசுவதும், இந்த ஊரில் மிக அதிகமாகப் பேசவேண்டியதும் மின்சாரப் பகுதியைப் பற்றித்தான். கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நெற்றியில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை ஒரு சுபாசீர்வாதமாகக் கருதலாமேயன்றி அளவாகக் கொள்ளலாகாது. உள்ளபடி தரச்சான்று பெற்ற எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கும் பணத்துக்காகக் கார்டில் ஒரு படி இறங்கினாலும் குற்றமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். இதை ஒப்புக்கொண்ட மகன் எவனையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்தது யு.பி.எஸ். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பதைக் கண்டு 600 வாட் என்று மயங்குவோர் அநேகர். அத்தகைய பெட்டிகள் பல தரக்கூடியது 360 வாட் அளவே. வெறும் எழுத்து வேலையின்போது அது உத்தமமாய் நிற்கும். விளையாட்டு உச்சத்தில் இருக்கையில் கரண்டு போனால், ஒரே ஒரு ‘பீப்’ ஒலியோடு தானும் போய்விடும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தை இந்த ஊரில் கழித்தவர்கள் இதன் தாத்பரியத்தை உடனே உணர்வார்கள். பழைய வீடுகளில் மூன்று துவாரப் பிளக்கின் மேல் துவாரம் அலங்காரத்துக்கு மட்டுமே இருப்பதுண்டு; கேபினெட்டின் தகரத்தைத் தொட்டதும் விரல் சுர்ரென்று இழுக்குமானால், கணினியைக் குறைசொல்லாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடவேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் மாடி அறையின் காற்றே 38 டிகிரியில் நிற்கும்போது, காற்றால் குளிர்விப்பதாயினும் நீரால் குளிர்விப்பதாயினும் எந்தக் கூலரும் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்கமுடியாது. இப்பௌதிக நியதியைக் காட்டியே, கணினி வைக்கத்தக்க இடம் வீட்டில் ஏ.சி. உள்ள ஒரே அறை என்று நிரூபித்துப் பெற்றோரை ஹாலுக்குக் குடிபெயர்த்த மாணவர்களும் உண்டு. தூசியோ, முன்பக்க வலையை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். ஆயுதபூஜைக்கு இடும் சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடிப் பக்கத்தில் இட்டால் தெய்வம் ஏற்றுக்கொள்ளும். வலைமேல் இட்டால் குங்குமம் விசிறி வழியே கார்டு வரை சென்றுவிடும்.

விலையைப் பற்றி விரித்துரைப்பதில் பயனில்லை. இங்கே நம்மால் ஆவது, இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் சென்னை எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவில் நாலு காசு குறைத்துக் கேட்பதுதான். கழிந்த காசு ரயில் சார்ஜுக்கும் காபிக்கும் சரியாய்ப் போகும், உறுப்பு பழுதானால் திரும்பவும் அங்கேயே போகவேண்டும். மற்றபடி விலையை நிர்ணயிப்போர் எங்கோ இருக்கிறார்கள். 2021-இல் கார்டுகள் கண்ணில் படாமல் போனதற்கு, உலகெங்கும் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களும் ஒரு காரணம். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்னும் அத்தகைய நாணயம், தோண்டும் வேலையே வேண்டாதபடி தன் முறையை மாற்றிக்கொண்டபின், ஓய்வின்றி உழைத்துக் களைத்த கார்டுகள் ‘லேசா யூஸ் பண்ணது’ என்ற விசேஷணத்தோடு சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்குவோர் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆட்டமோ கரகரப்போ உண்டா என்று அறிந்தே வாங்கவேண்டும்.

எஞ்சியது பயன். இவ்வளவு ஆராய்ந்து வாங்கிய கணினியில், ஏதோ ஒரு தீபாவளி விடுமுறையில் கேசட் உண்மையாகவே இறக்கப்படுகிறது. விளிம்புகள் ஒட்டவைக்கப்பட்டு, 2003 முதல் வழக்கிலுள்ள எச்.264 முறையில் எல்லா டி.வி.யிலும் ஓடும்படி அழகாகச் சுருக்கப்பட்டு, பாட்டி கையால் முகத்தை மறைப்பதை ஹாலில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கோப்பிலிருந்து பந்திக் காட்சியை மட்டும் வெட்டித் தந்தை தம் கையாலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வாட்ஸ்அப் அதை இன்னொரு முறை கசக்கிப் பிழிந்து சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சித்தப்பா, “என்னண்ணே, இம்புட்டுச் செலவழிச்சு கம்ப்யூட்டர் வாங்கியும் படம் கலங்கலாத்தான இருக்கு?” என்று குரல்செய்தி அனுப்புகிறார். தந்தை அதை மகனுக்குப் போட்டுக் காட்டுகிறார். மகன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, தீவிரமாய் யோசித்து, “அது ஒண்ணுமில்லப்பா, இந்தக் கார்டு பழைய மாடலு. அடுத்து வந்துருக்குறத போட்டா கிளியரா இருக்கும்” என்கிறான்.