ஊறுகாய் ஊழியம்

1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது முதல் நம் ஊரில் மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர்தான். அதனால் எங்கள் ஐயர், அதாவது போதகரான என் கணவர், தான்சானியாவுக்கு மிஷனெரியாகப் போகிறார் என்றதும் திருச்சியில் பாதிப் பேர் சிரித்தார்கள்; மீதிப் பேர் அங்கே சிங்கம் உண்டா என்றார்கள். மாமியார் எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் ஐந்து கிலோ துவரம்பருப்பை அமுக்கி வைத்தார்.

நாங்கள் வந்து சேர்ந்த மோஷி ஊர் கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை 5,895 மீட்டர். மேகம் மனசு வைத்தால்தான் தரிசனம். சந்தைக்குப் போனால் துவரை குவிந்து கிடக்கிறது. இந்தியாவுக்கே துவரை ஏற்றுமதி செய்யும் நாடாம் இது! மாமியார் கட்டிக்கொடுத்த பருப்பு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கோயிலிலோ புதுசு என்று ஒன்றுமே இல்லை. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், லூத்தர் பாட்டின் மெட்டு எல்லாம் அதே வரிசை. நம் தமிழ்ச் சபையை வளர்த்த லைப்சிக் மிஷன்தான் 1893-இல் இந்த மலைச்சரிவுக்கும் வந்தது. 1919-இல் நாம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனோம். இங்கே 1963-இல் ஏழு லுத்தரன் சபைகள் ஒரே திருச்சபை ஆயின. இன்று தங்கை அக்காவைவிடப் பல மடங்கு பெரியவள். அக்கா வீட்டிலிருந்து மிஷனெரி வந்திருக்கிறார் என்றதும் சபை மூப்பர்கள் ஐயரைக் கனிவாகப் பார்த்தார்கள். 'பாவம், ஒல்லியாக இருக்கிறார்' என்று ஒரு வாழைத்தாரைக் கொடுத்தனுப்பினார்கள்.

வீட்டில்தான் எல்லாம் தலைகீழ். சுவாஹிலிக் கணக்கில் காலை ஏழுதான் ஒரு மணி. "ஒரு மணிக்கு ஆராதனை" என்றால் விடியற்காலையிலேயே குளித்தாக வேண்டும். "நம் முன்னோரும் சூரியோதயத்திலிருந்துதானே நாழிகை எண்ணினார்கள்" என்று ஐயர் பெருமைப்பட்டார். முன்னோருக்கு இட்லி அவிக்கும் வேலை இருந்ததா என்று அவர் சொல்லவில்லை.

வாசலில் "ஹோடி" என்று குரல் வந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று அர்த்தம். ஒருத்தி அடுப்பைப் பற்றவைப்பாள். ஒருத்தி உகாலிக் களி கிண்டுவாள். என் சமையலறையில் நான்தான் விருந்தாளி.

ஆராதனை முடிந்ததும் ஏலம். நம் அறுப்பின் பண்டிகையில் முட்டையும் பூசணியும் கூவி விற்பார்களே, அதேதான். ஆனால் இங்கே அதற்குப் பண்டிகை வர வேண்டியதில்லை. பணமில்லாதவர்கள் கோழியையோ காயையோ காணிக்கையாகப் படைப்பார்கள். அது வாசலில் ஏலம் போகும். எங்கள் வீட்டுக் கோழிகளெல்லாம் இப்படி வந்தவைதான்.

நாமும் ஏதாவது படைக்க வேண்டாமா? குண்டூர் மிளகாய்ப்பொடி தாராளமாகப் போட்டு மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோனேன். மூப்பர் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார். அங்கேயே விரலால் தொட்டு நக்கினார். சற்று நேரம் மலையையே பார்த்தார். பிறகு, "இதை மறுபடியும் ஆண்டவருக்கே படைக்கிறேன்" என்று ஏலக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்து எடுத்தவர் பாடகர் குழுத் தலைவி. அவளும் ருசி பார்த்தாள், அவளுக்கும் பக்தி வந்தது. மூன்றாமவருக்கும் அப்படியே. ஒரே பாட்டில் மூன்று விலைக்குப் போய், மூடியோடு என் கைக்கே வந்து சேர்ந்தது.

பொருளாளர் ஓடிவந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. "அம்மா, அடுத்த ஞாயிறும் இதையே கொண்டுவாருங்கள். புதுசாகப் போட வேண்டாம்!"