கோர் எட்டு, குளியலறை ஒன்று!

கேள்வி: என் செல்போனிலேயே எட்டு கோர் இருக்கிறது. விமானத்தை இயக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் மல்ட்டி-கோர் என்றால் ஏன் அத்தனை யோசிக்கிறார்கள்?

பதில்: செல்போனில் வீடியோ அரை நொடி திக்கினால், ‘நெட் ஸ்லோ’ என்று அலுத்துக்கொண்டு பார்ப்பீர்கள். விமானத்தில் சரியான விடையே தாமதமாக வந்தாலும் அது தப்பான விடைதான். கோர்கள், அதாவது கணக்குப் போடும் மூளைகள், தனித்தனி; ஆனால் கேஷ் எனும் கைக்கெட்டும் தற்காலிக நினைவகமும் மெமரிக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் பொது. ஆளுக்கொரு அறை, வீட்டுக்கே ஒரு குளியலறை! ஒரு கோர் கேமரா படத்தை அள்ளிக்கொண்டிருந்தால், சென்சார் கணக்கைப் பார்க்கும் கோர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: கோர்களைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

பதில்: ஒரு வேலை முடிந்தால்தான் இன்னொன்றைத் தொடங்கலாம் என்ற நிபந்தனை சில வேலைகளுக்கு இடையே இருந்தால், பிராசஸரைக் கூட்டினால் சில சமயம் மொத்த நேரமே கூடிவிடும் என்று 1966-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார் கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம்.

கேள்வி: அப்படியானால் வழி?

பதில்: எந்த வேலை எந்த கோரில் என்று முன்பே கட்டிப்போடுவது, கேஷைப் பங்கு பிரிப்பது, மெமரிக்கு முறைவைப்பது. சராசரி வேகம் விளம்பரத்துக்கு; மிக மோசமான நிலையில் எத்தனை மில்லிசெகண்ட் என்பதுதான் விமானப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு!