ஒட்டாவாவிலை குளிராம்

ஒட்டாவா குளிர் எண்டதை எப்ப தம்பி கண்டுபிடிச்சனீர்? உம்மடை மச்சான்ரை வீடு குடிபூரலுக்கு ஒரு மாசி மாசம் குடும்பத்தோடை போய், உறைஞ்ச றிடோ கால்வாயிலை நிண்டு படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினனீர். 7.8 கிலோமீற்றர் நீளமாம், சறுக்கி விளையாடலாமாம் எண்டு கீழை எழுதியும் விட்டனீர். பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர். இப்ப மகள் அங்கை கம்பஸுக்குப் போகப்போறன் எண்டு வாய் திறந்த உடனை ஒட்டாவாவிலை திடீரெண்டு குளிர் விழுந்துபோச்சோ?

பிள்ளை, நீர் சிரியாதையும். உமக்கும் வருது. முதல் அந்த ரோல்ஸை இஞ்சாலை தள்ளும். ஏப்ரல் பிறந்தும் வெளியிலை தூறிக்கொண்டிருக்கு, சூட்டோடை ஒண்டு கடிச்சால்தான் எனக்குக் கதை வரும்.

எங்கடை ஆக்கள் கூடுற இடத்திலை ரெண்டு கதை தவறாது. சோத்துக்கு முதல் குளிர்க்கதை, சோத்துக்குப் பிறகு கம்பஸ் கதை. நான் ஒரு மூலைக்குள்ளை கதிரையைப் போட்டுக்கொண்டு காது குடுக்கிறனான். கிழவனுக்குக் காது மந்தம் எண்டு நினைச்சு எல்லாத்தையும் கதைப்பினம். ஒருதர் மைனஸ் 20 இலை பஸ்ஸுக்கு நிண்டதைச் சொன்னால், அடுத்தவர் காத்தோடை சேத்து மைனஸ் 30 எண்டுவார். வினிப்பெக்கிலை இருந்து வந்தவர் ஒருதர் நிண்டாரெண்டால் மைனஸ் 40 எண்டு சொல்லிக் கதையையே முடிச்சுப்போடுவார். செல்சியஸோ பரனைற்றோ எண்டு கேட்டு மடக்கவும் ஏலாது, அந்த இடத்திலை ரெண்டும் ஒண்டுதான்.

எல்லாத்துக்குள்ளையும் உம்மடை கதைதான் தம்பி எனக்கு விருப்பம். 1999 ஜனவரி. ரெண்டு கிழமைக்குள்ளை ரொறன்ரோவிலை 118 சென்ரிமீற்றர் ஸ்நோ. மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டிட்டார். நீர் வந்திறங்கி ரெண்டு மாசமும் ஆகேல்லை, ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்றுக்குள்ளை ஆறு பெடியள். "ஆமி இறங்கிட்டுதாம்" எண்டு எவனோ போனிலை சொல்ல, ஆறு பேரும் லைற்றை நூத்துப்போட்டுக் குப்புறப் படுத்தியளாம். விடிய யன்னலாலை எட்டிப் பாத்தால் ஆமிக்காரன் சவளோடை நிக்கிறான். உதை நீர் எத்தினை தரம் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

ஆனால் நான் கேக்கிறது வேறை. மொன்றியலிலை செருப்போடை இறங்கினன், கால் விறைச்சுப்போச்சு எண்டு ஒவ்வொரு சாமத்திய வீட்டிலையும் சொல்லுறீரே, கொப்பர் தோட்டக்காணியை ஈடு வைச்சு ஏஜென்சிக்குக் காசு கட்டேக்கை "கனடாவிலை குளிராமே" எண்டு ஒரு சொல்லுக் கேட்டவரோ? உமக்கு அப்ப வயசு 19. இவளுக்கு இப்ப 18. இவளுக்குக் காணி ஈடும் இல்லை, ஏஜென்சியும் இல்லை. ஐஞ்சு மணித்தியாலம் ரயில். அதுக்குள்ளை ஹீற்றரும் போட்டிருக்காம்.

சோத்துக்குப் பிறகு வாற கதை இன்னும் விசேஷம். கலியாணத்துக்குப் பொருத்தம் பாக்கிற மாதிரிக் கம்பஸுக்குப் பொருத்தம் பாப்பினம். வாட்டர்லூ எண்டால் நல்ல குலம், மக்மாஸ்ரர் எண்டால் அந்தஸ்து, வீட்டுக்குப் பக்கத்திலை கிடக்கிறது எண்டால் "பாவம், நல்ல இடந்தான், ஆனால்..." எண்டொரு இழுவை. பன்னிரண்டாம் வகுப்பிலை எடுத்த ஆறு பாடத்தின்ரை சராசரியை ஒருதி 92 எண்டுவா, மற்றவ 95 எண்டுவா. பெடியனோ போனைப் பாத்துக்கொண்டு நிப்பான், தன்ரை சராசரி கூடிக்கொண்டு போறது அவனுக்கே தெரியாது.

லைஃப் சயன்ஸ் கிடைச்ச அண்டைக்கே "டொக்டருக்குப் படிக்கிறாள்" எண்டு ஊருக்குப் போன் போகும். முதல் ஒரு டிகிரி, பிறகு எம்கற் சோதினை, பிறகு நேர்முகம், அதுக்கும் பிறகுதான் மெடிக்கல் கொலிச் எண்டு என்ரை பேத்தி எனக்கு விளங்கப்படுத்தினவள். எனக்கு விளங்கினது உங்களுக்கு விளங்காதோ? விளங்கும். ஊருக்குச் சொல்லுறதுக்கு அது நீளம் கூட, அவ்வளவுதான்.

இன்னொண்டு. எழுபதுகளிலை கொழும்பு கொண்டுவந்த தரப்படுத்தலைப் பற்றிக் கதை வந்தால் எங்கடை சனத்துக்குக் கண் சிவக்கும். தமிழ்ப் பிள்ளையள் மெடிசினுக்கும் எஞ்சினியரிங்குக்கும் கூடப் புள்ளி எடுக்கவேணுமெண்டு வைச்சவங்கள். அது வயிறெரிஞ்ச கதை, அதிலை எனக்குப் பகிடி இல்லை. ஆனால் 2018 இலை வாட்டர்லூ எஞ்சினியரிங்காரர் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேறை வேறை அளவிலை புள்ளியைக் கழிச்சுப் பாக்கினம் எண்டு செய்தி அடிபட்டுதெல்லே, அப்ப ஆராவது கொடி பிடிச்சவையோ? எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குறைய வெட்டு எண்டு பாத்து அந்தப் பக்கம் வீடு விலை விசாரிச்சவையைத்தான் நான் கண்டனான். நீர் ஏன் தம்பி தேத்தண்ணியைப் பாக்கிறீர்?

சரி, குளிருக்கு வருவம். உங்கடை மூத்தவன் எங்கை படிச்சவன்? இஞ்சத்தை லண்டனிலை, வெஸ்டர்ன் கம்பஸிலை. லண்டன் எண்டால் என்னெண்டு தெரியுமோ? ஹியூரன் ஏரி உறையாமல் கிடக்கேக்கை அதுக்கு மேலாலை வாற வடமேல் காத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தின்ரை தலையிலை ஸ்நோவாய்க் கொட்டும். ஒரு ரோட்டிலை வெயில் எறிக்கும், அடுத்த ரோட்டிலை முழங்காலுக்கு நிக்கும். அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் 401 இலை பழைய காரை உருட்டிக்கொண்டு உம்மடை கோழிக்கறிக்கு ஓடி வந்தவன். ஒரு நாள் வழுக்கிப் பள்ளத்துக்குள்ளையும் விட்டவன். அப்ப நீங்கள் ரெண்டு பேரும் என்ன சொன்னனீங்கள்? "ஆம்பிளைப் பிள்ளை, அடிபட்டுத்தான் படிக்கவேணும்."

ஓஹோ. அப்ப குளிர் ஆள் பாத்துத்தான் அடிக்குது போலை.

இவள் போகப்போற கார்ள்ற்றன் கம்பஸிலை நிலத்துக்குக் கீழை 5 கிலோமீற்றருக்குச் சுரங்கம் வெட்டிக் கட்டிடங்களைத் தொடுத்து வைச்சிருக்காம். மாரியிலை ஜக்கெற் போடாமலே வகுப்புக்குப் போகலாமாம். போனிலை படம் காட்டினவள். பங்கருக்குள்ளை பதுங்கின எங்களுக்கு உது பெரிய விசயமோ எண்டு நான் கேக்க, "அப்பு, இதுக்குள்ளை கோப்பியும் விக்கிறாங்கள்" எண்டாள்.

பிள்ளை, நீர் சொல்லுறீர், ஸ்காபரோ கம்பஸ் பக்கத்திலை கிடக்கு, அதுக்கு விடுவம் எண்டு. அருமையான இடம். ஜோன் அன்றூஸ் எண்ட கட்டிடக் கலைஞன் குளிரை நினைச்சே அறுபதுகளிலை அதைக் கட்டினவன், வெளியிலை கால் வைக்காமல் உள்ளுக்குள்ளாலையே ஒரு அந்தத்திலை இருந்து மற்ற அந்தத்துக்குப் போகலாம். ஆனால் நீர் அதைக் கேட்டது கட்டிடத்துக்காகவோ? ரெண்டு மணிக்கு வகுப்பு முடிஞ்சால் ரெண்டரைக்குப் பிள்ளை குசினிக்குள்ளை நிக்கவேணும் எண்டதுக்காகவெல்லோ!

பொங்கல் அண்டு நடந்ததைச் சொல்லட்டோ? சூரியன் வர ஏழே முக்கால். கராஜ் கதவைத் திறந்து வைச்சு, காஸ் அடுப்பிலை பானையை ஏத்திப்போட்டு நிண்டனீர். சாறிக்கு மேலை பார்க்கா, பார்க்காவுக்குக் கீழை பூற்ஸ், பூற்ஸிலை ரோட்டு உப்புக் காஞ்சு வெள்ளைக் கோடு. கையுறையோடை அரிசி அள்ளினால் சிந்துது, கழட்டினால் விரல் விறைக்குது. இவர் தம்பி போனை நீட்டிக்கொண்டு "இன்னும் பொங்கேல்லையோ" எண்டு நிண்டவர். பால் வடகிழக்காலை பொங்கி வழிய, "பாத்தியளோ, நல்ல பக்கம்" எண்டு உமக்குச் சந்தோசம். விண்ணப்பத்துக்கு அந்தக் கிழமைதான் கடைசி. அவள் உள்ளுக்கை ஹீற்றரடியிலை இருந்து முதல் தெரிவாய் ஒட்டாவாவைப் போட்டு அனுப்பினதும் அந்த நேரந்தான். ஒட்டாவாவும் வடகிழக்குத்தான் பிள்ளை. சூரிய பகவான் உமக்கு முன்னமே சொல்லிப்போட்டார்.

இனி உண்மையைக் கதைப்பம். குளிரும் இல்லை, தூரமும் இல்லை. அவள் ஜேர்னலிசம் படிக்கப்போறாள் எண்டதுதான் உங்கடை தொண்டைக்குள்ளை நிக்கிற முள்ளு. லைஃப் சயன்ஸ் எண்டிருந்தால் வட துருவத்துக்கே ரிக்கெற் போட்டுக் குடுத்திருப்பியள்.

அதிலை ஒரு பயம் இருக்கெண்டால் எனக்கும் விளங்கும். 2000 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலை செய்தியாளர் நிமலராஜனை வீட்டிலை வைச்சே சுட்டவங்கள். பேப்பருக்கு எழுதுறது எண்டால் என்னெண்டு கண்ட சனம் நாங்கள். பிள்ளை, அந்தப் பயத்தைச் சொல்லி நீர் அழுதால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பன். அவளும் பக்கத்திலை இருந்து கேப்பாள். நீர் அதைச் சொல்லேல்லையே. மைனஸ் 25 எண்டெல்லோ சொல்லுறீர்! அவள் உடனை போனைத் தட்டி மைனஸ் 25 க்கு என்ன ஜக்கெற் போடவேணும் எண்டு எடுத்துக் காட்டுறாள். நீங்கள் ஒண்டைச் சொல்ல அவள் வேறொண்டுக்கு மறுமொழி சொல்லுறாள், ரெண்டு மாசமாய் இந்த வீட்டிலை நடக்கிறது இதுதான்.

நான் தோட்டக்காரன், வெங்காயத்தையும் புகையிலையையும் தவிர ஒண்டும் தெரியாது. ஆனாலும் கேட்டபடியால் புத்தி சொல்லுறன். மாரி லீவுக்கு வீட்டை வரேக்கை இவள் ஒரு நாள் விடியக் காலமை சவளை எடுக்கட்டும். நீர் முழு ட்ரைவ்வேயையும் வழிச்சு நிமிர, ஸ்நோ தள்ளுற வாகனம் வந்து வாசலிலை திரும்ப ஒரு அணை கட்டிப்போட்டுப் போகும் பாரும், அதையும் அவளே வழிக்கட்டும். கார்க் கண்ணாடியைச் சுரண்ட வாங்கின கட்டையையும் குடுத்து விடும். பாங்க் கார்ட்டாலை கண்ணாடி சுரண்டி அதை ரெண்டாய் முறிச்ச பரம்பரை எண்டு அவளுக்குத் தெரியவேண்டாம்.

சாப்பாட்டுக்கு யோசியாதையும் பிள்ளை. குளிரிலை உமக்குத்தான் லாபம். கறியைச் சட்டியோடை டிக்கியிலை வைச்சால் 450 கிலோமீற்றரும் உறைஞ்சபடி போய்ச் சேரும்.

காசுக்கும் மூக்காலை அழாதையும் தம்பி. பிள்ளை பிறந்த நாளிலை இருந்து ஆர்ஈஎஸ்பி கட்டினனீர். நீர் போட்ட டொலருக்கு 20 சதப்படி, மொத்தமாய் 7,200 மட்டும் அரசாங்கமும் சேத்துப் போட்டது. அந்தக் காசை விடுதி வாடகைக்கும் எடுக்கலாம். வைச்சிருந்து கொண்டோவுக்கு முற்பணம் குடுக்கலாம் எண்டு நினைச்சிருந்தால் அந்த நினைப்பை விடும்.

பிறகு கம்பஸுக்குப் போன் அடிச்சு "என்ரை மகளின்ரை மாக்ஸ் என்ன" எண்டு கேக்காதையும். காசு நீர் கட்டினாலும் சொல்லமாட்டாங்கள். பிள்ளை எழுதிக் குடுத்தால்தான் சொல்லுவாங்களாம், சட்டம் அப்பிடியாம்.

அவள் போனால் எனக்கும் நட்டந்தான். என்ரை போனிலை பழைய படம் பூட்டித் தாற ஆள் இந்தத் தெருவிலை வேறை இல்லை. அப்பிடியிருந்தும் சொல்லுறன்.

கார்ள்ற்றன்காரர் தந்த இடத்தை ஓமெண்டு ஏற்க ஜூன் மாசத் தொடக்கம் மட்டும் தவணை இருக்கு, அதுக்குள்ளை யோசிச்சு முடிவு சொல்லுறம் எண்டு ரெண்டு பேரும் எனக்குப் பெரிய வாக்குத் தந்தியள். நல்லா யோசியுங்கோ. ஆனால் அந்த விண்ணப்பப் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் அவளிட்டைத்தான் இருக்கு. போன செவ்வாய்க்கிழமையே அவள் ஓமெண்டு அமத்திப்போட்டாள்.