கரியமில வாயு அவர்களுக்கு ஒரு வரவேற்பு மடல்

பெருமதிப்பிற்குரிய கரியமில வாயு அவர்களே,

புகைபோக்கியில் பிறந்து, குழாய்வழியே பயணப்பட்டு, பூமிக்கடியில் தாங்கள் நல்லடக்கமாகப் போகும் செய்தி அறிந்து அதிராம்பட்டினம் பொதுமக்களாகிய நாங்கள் அளவற்ற மகிழ்ச்சி அடைகிறோம். 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் அளவுக்குத் தங்களைப் பிடித்துவிடலாம் என்று நிதி ஆயோக் 2022 நவம்பரில் அறிக்கை விட்டது. பிடித்து எங்கே வைப்பதாம்? எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் படுகைகளின் ஆழத்தில். அதற்குத் தோதானவை என்று ஆய்வாளர்கள் எழுதும் பட்டியலில் காவிரிப் படுகையும் இருக்கிறது. சோறு போட்ட பாவத்துக்கு இந்தப் பெருமையும் எங்களுக்கே.

விருந்தாளி வருமுன் நாலு பேரிடம் விசாரிப்பது ஊர் வழக்கம். விசாரித்தோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து உலகம் ஆண்டுதோறும் வெளியே விடுவது ஏறத்தாழ 3,700 கோடி டன். உலகத்துப் பிடிப்பு ஆலைகள் அத்தனையும் சேர்ந்து பிடிக்கக்கூடியது சுமார் 5 கோடி டன். தங்கள் உறவினர் ஆயிரம் பேர் ஓடினால் ஒன்றரைப் பேர்கூடச் சிக்குவதில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவர்கள் வைகுண்டத்துக்கு வழி காட்டுகிறார்கள்.

சிக்கியவர்களையாவது சிறையில் வைத்தார்களா? பெரும்பகுதியை வற்றிப்போகும் எண்ணெய்க் கிணற்றுக்குள் அழுத்தி, அடியில் கிடக்கும் மிச்ச எண்ணெயை மேலே தள்ளவைக்கிறார்கள். அந்த எண்ணெயை எரித்தால் மறுபடியும் தாங்களே ஜனனம். டெக்சாசில் பெட்ரா நோவா என்றொரு ஆலை இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் பூட்டிவிட்டார்கள். திறக்க மூன்று ஆண்டு ஆயிற்று. அந்த மூன்று ஆண்டும் பூமி சூடாவதை நிறுத்தி வைத்திருந்ததாகத் தகவல் இல்லை.

தூத்துக்குடிக் கதையையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-இல், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குத் தங்களைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்க ஏற்பாடு செய்தார்கள். அரசு மானியம் வாங்காமல் செய்ததற்கு ஒரு கும்பிடு, மனசாரத்தான். ஆனால் ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று முழு வீச்சில் ஓடினால் அந்த 60,000 டன்னை மூன்று நாளில் கக்கிவிடும். சோடா உப்போ கண்ணாடி உலைக்குப் போனால், சூடேறியதும் தாங்கள் ஜாமீனில் வெளியே வந்துவிடுகிறீர்கள்.

இதில் எங்களுக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், தங்களைப் பிடிக்கும் ஆலை எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. படகிலிருந்து இறங்கினால் முழங்கால்வரை சேறு விழுங்கும். மூச்சுவேர்கள் ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் மிதித்தால் பாதம் கிழியும். காலை உருவினால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த நாற்றம்தான் ஆலை ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சி. சேற்றுக்கடியில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் உதிர்ந்த இலையும் செத்த வேரும் முழுக்க மட்காமல் அடுக்கடுக்காகப் புதைகின்றன. மரம் காற்றிலிருந்து இழுத்த கரி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். எங்கள் கடலின் புல்வெளிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம்வரை 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அந்தப் புல்லை நம்பி வாழும் உயிருக்காகத்தான். சேற்றுக்கும் புல்லுக்கும் டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை, கமிஷன் இல்லை. ஆகவே இதையெல்லாம் தொழில்நுட்பம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இந்தக் காட்டை அரசுகள் என்ன செய்தன என்பதையும் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கூறு கூறாகப் பிரித்து மொட்டையடித்தார்கள். அவன் போன பிறகும் 1970-கள்வரை அதே முறை நடந்தது. மரம் போன மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. கடல்நீர் புகுந்து தேங்கி உப்பேறியது, கன்று முளைக்கவில்லை. பழி யார் தலையில்? விறகு பொறுக்கப் போன கிழவி தலையில், ஆடு மாடு ஓட்டிப் போனவன் தலையில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து மண்ணைப் பார்த்து, மொட்டையடித்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் போய்வர வழிவிட்டதும் கண்டல் மறுபடி முளைத்தது. கிழவியிடம் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு இறால் பண்ணை. காந்தியர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம்வரை போய், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள பண்ணைகளை இடிக்கச் சொல்லி 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வாங்கினார். 2005-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தப் பண்ணைகளுக்கு வழிவிட்டது. தீர்ப்பு சேற்றில் புதைந்தது.

இப்போது கார்பன் சந்தை என்று ஒன்று வந்திருக்கிறது. அங்கே ஓர் அபூர்வ நீதி: புதிதாகச் செய்தால்தான் காசு. அழிந்துபோன காட்டைத் திரும்ப நட்டால் சான்றிதழ் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவன் போய்க் கேட்டால், வெட்டும் ஆபத்து இருந்ததா, நிரூபி என்பார்கள். எங்கள் மீனவர் அரிவாளோடு போய் நின்று படம் எடுத்து அனுப்பினால் ஒருவேளை பரிசீலிக்கலாம்.

இந்தச் சந்தைக்காரர்கள் வயலுக்கும் வந்துவிட்டார்கள். தேங்கிய தண்ணீரில் நெல் விளைந்தால் மீத்தேன் வருகிறதாம், உண்மைதான். அதனால் வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை காய விட்டு, பிறகு பாய்ச்சச் சொல்கிறார்கள். நல்ல முறை, தண்ணீரும் மிச்சம். ஆனால் ஐயா, நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா, திறந்தாலும் முறை வைத்து வரும் தண்ணீர் ராஜாமடம் பக்கம் எட்டிப் பார்க்குமா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். காயப்போட்டுப் பாய்ச்சுவதை எங்களுக்குக் கற்றுக்கொடுக்க எந்தக் கம்பெனியும் வரத் தேவையில்லை. பொதுப்பணித் துறை எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. அந்தக் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்டால், அது நீங்கள் விரும்பிச் செய்ததல்லவே என்பார்கள்.

இந்த வயல் கணக்கின் லட்சணமும் உலகத்துக்குத் தெரியும். கார்பன் வரவுக்கு முத்திரை குத்தும் வெர்ரா அமைப்பே 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களைத் தள்ளுபடி செய்தது. வரவுச் சீட்டு விற்றுப் போன பிறகு.

மீத்தேன் என்றதும் அத்திவெட்டி ஞாபகம் வருகிறது. 2010-இல் மன்னார்குடிப் பகுதியை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, நிலக்கரிப் படிமத்து மீத்தேனை உறிஞ்சப் பார்த்தார்கள். ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே உயிர் விட்டார். பூமிக்கடியில் இருந்தால் மீத்தேன் நாட்டின் வளம். எங்கள் நாற்றங்காலில் கிளம்பினால் உலகக் குற்றம். அதே வாயுதான், அதே மண்தான். யார் பையில் காசு விழுகிறது என்பது மட்டும் வேறு.

நிரந்தரம் என்ற சொல்லைத் தங்கள் ஏஜெண்டுகள் அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். நட்ட மரம் எவ்வளவு நிரந்தரம் என்பதை நாங்கள் நேரில் பார்த்தவர்கள். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு கவிழ்ந்தன, அலையாத்தியும் நொறுங்கியது. தாத்தா வைத்த தென்னை ஒன்றுக்கு அரசு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் போட்டது. புயலுக்குச் சூடு ஏற்றியவர்களிடமிருந்து நாலணா வந்ததாக எங்களுக்கு நினைவில்லை. அவர்கள் அப்போது வேறெங்கோ மரக்கன்று நட்டுக் கணக்கை நேர் செய்துகொண்டிருந்திருப்பார்கள்.

தங்கள் வருகைக்குச் சட்டத் தடை உண்டா என்றும் பார்த்தோம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு தேடுவதையும் தோண்டி எடுப்பதையும் தடுக்கிறது. வெளியூர்ப் புகையைக் கொண்டுவந்து உள்ளே இறக்குவதைப் பற்றி அதில் பேச்சில்லை. எழுதியவர்களுக்கு அப்படியொரு யோசனை யாருக்காவது வரும் என்று தோன்றியிருக்காது. இருபது வருட லாபத்துக்குக் கம்பெனி, அதற்குப் பிறகு ஆயிரம் வருடக் காவலுக்கு நாங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கம்பெனி மூடிப்போனால் சாவி யாரிடம்?

கடைசியாக ஒரு விசாரிப்பு. 2020 பிப்ரவரி 22-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே தங்களை ஏற்றிச் சென்ற குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான தாங்கள் தரையோடு தவழ்ந்து ஊருக்குள் போனீர்கள். சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தப்பி ஓட வண்டியைக் கிளப்பியவர்களுக்கு வண்டி பாதி வழியில் நின்றது. எஞ்சினுக்கும் ஆக்சிஜன் வேண்டுமல்லவா. எங்கள் ஊர் நிலமும் தட்டையானதுதான், எங்கள் 108 வண்டியும் டீசலில்தான் ஓடுகிறது. குழாய் எந்தத் தெரு வழியாக வரும் என்பதை மட்டும் முன்கூட்டித் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
அதிராம்பட்டினம் பொதுமக்கள்