மேதாவி வளர்ப்பு

சிங்கப்பூரில் 1984-ஆம் ஆண்டு முதல், தொடக்கநிலை மூன்றில் பயிலும் பாலகர்களுக்குப் பரீட்சை வைத்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் வீதம் மேதாவிகளைப் பொறுக்கியெடுத்துத் தனி வகுப்பில் போஷித்து வந்தார்கள். கருவிலே திருவுடைய குழந்தைகளுக்கு ஆயத்தம் எதற்கு என்று பெற்றோர் பரிபூரணமாக நம்பினார்கள். நம்பியபடியே, சனிக்கிழமை காலைதோறும், தூக்கம் கலையாமல் தண்ணீர்ப் புட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் துணைப்பாட நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு, பிறவி ஞானத்துக்குரிய மாதக் கட்டணத்தையும் மனமுவந்து செலுத்தினார்கள்.

2024-இல் பிரதமர் லாரன்ஸ் வோங் இந்த ஏற்பாட்டை மாற்றி, எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் மேதைமைக்கு இடமுண்டு என்று அறிவித்தார். உன்னதமான யோசனை! அண்டை வீட்டுப் பிள்ளையும் மேதாவியாகும் அபாயம் ஏற்பட்டுவிட்டபடியால், நம் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு அத்தியாவசியமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீணாகத்தானே கிடக்கிறது?