யோசிக்காதே, கடி!

அசூர்பனிபால் என்றொரு அசிரியச் சக்கரவர்த்தி. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு, தலைநகர் நினிவே. இன்றைய ஈராக்கில் மோசுல் பக்கம். உலகத்துக்கே ராஜா என்று தன்னைத்தானே கல்வெட்டில் எழுதிக்கொண்ட ஆசாமி. அரண்மனைச் சுவரெங்கும் சிங்கத்தைக் கொல்கிற போஸ். அந்தச் சிங்கத்தைக் கூண்டில் கொண்டுவந்து திறந்துவிட்டதும் அதே சுவரில் இருக்கிறது. சிற்பி ரொம்ப நேர்மையானவர் போல.

இப்பேர்ப்பட்ட சூரருக்குப் பேய் பிசாசு அண்டாமலிருக்க என்ன செக்யூரிட்டி தெரியுமா? அரண்மனையில் புதைத்து வைத்த ஐந்து களிமண் நாய்கள். ஒவ்வொன்றும் நம் விரல் நீளம்!

ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர், விலாவில் ஒரு பெயர். 'தீயதை விரட்டுபவன்', 'எதிரியைப் பிடிப்பவன்', 'உரக்கக் குரைப்பவன்'. எனக்கு ரொம்பப் பிடித்தவர், 'யோசிக்காதே, கடி!' எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமாக்கும் என்று பீற்றிக்கொண்டு, களிமண் பலகைகளை மலையாகக் குவித்து லைப்ரரி வைத்திருந்தவர், காவலுக்கு மட்டும் யோசிக்காத ஆளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்.

சிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பேயை எந்தச் சேனாதிபதி போய் மறிப்பார்? பொம்மை என்றால் பெயர் வைக்கலாம், இடம் காட்டி உட்காரவைக்கலாம், வேலை சொல்லலாம். உருவ வழிபாட்டின் வசீகரமே அதில்தான் இருக்கிறது.

அந்த ஊர் நம்பிக்கையில், பச்சைக் குழந்தைகளைத் தூக்கிப்போகிறவள் லமாஷ்து என்று ஒரு பேய். அவளைத் துரத்த யாரைக் கூப்பிட்டார்கள்? தேவதையையா? பசூசு என்கிற இன்னொரு பேயை! நாய் மாதிரி மூஞ்சி, கழுகுக் கால், தேள் வால். கர்ப்பிணிகள் அந்த மூஞ்சியைத்தான் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். சின்ன தாதாவை அடக்கப் பெரிய தாதாவுக்கு மாமூல்.

அசூர்பனிபாலின் கொள்ளுத்தாத்தா இரண்டாம் சர்கோன் இன்னும் தடபுடல். புதுத் தலைநகரின் வாசல்களில் லமாசு சிலைகளை நிறுத்தினார். மனுஷ முகம், சுருள் தாடி, காளை உடம்பு, இறக்கை, ஒன்று 40 டன் வரை எடை. கால் மட்டும் ஐந்து! முன்னால் நின்று பார்த்தால் காவல் நிற்கும், பக்கவாட்டில் பார்த்தால் நடந்து வரும். சர்கோனோ கி.மு. 705-இல் எங்கோ தூரத்துப் போரில் செத்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. லமாசுவைக் குறை சொல்லக்கூடாது, அதற்கு கேட் டியூட்டி மட்டும்தான்.

கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து வந்து நினிவேயையே கொளுத்தினார்கள். நாய்கள் மட்டும் மண்ணுக்குள் தப்பித்து, இப்போது ஐந்தும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. லண்டன் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். கடித்தால் என்னைக் கேட்காதீர்கள்.